லோஜ்பான் மொழியில் தொலைவும் கால இடைவெளியும்

லோஜ்பான் என்பது அளவையியலை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட்ட செயற்கை மொழியாகும். இதன் இலக்கணப்படி அமைந்த எந்த வாக்கியத்தையும் ஒரே விதமாகத்தான் பகுக்க முடியும். 'எப்போது', 'எங்கே', 'எவ்வளவு தொலைவில்', 'எவ்வளவு நேரம்' ஆகிய நான்கு வினாக்களுக்கும் விடைகூற இம்மொழி தனித்தனி இடைச்சொற்களைக் கொண்டுள்ளது. காலத்தையும் இடத்தையும் ஒரே இலக்கண அமைப்பில் வைத்துப் பேசுவது இதன் தனித்தன்மை. இந்த அமைப்பு தோன்றிய வரலாறும், அது செயல்படும் முறையும், அதில் எழுந்த ஒரு முக்கியமான சிக்கலும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

வரலாற்றுப் பின்னணி

ஹோப்பி மொழி பற்றிய விவாதம்

ஒருவர் பேசும் மொழி அவர் சிந்திக்கும் முறையைத் தீர்மானிக்கிறதா என்பது மொழியியலின் பழைய கேள்விகளுள் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எட்வர்ட் சபீரும் அவருடைய மாணவர் பெஞ்சமின் லீ வோர்ஃபும் இக்கேள்வியை முன்வைத்தனர். அதனால் இது சபீர்-வோர்ஃப் கருதுகோள் என்று பெயர் பெற்றது. தீக்காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்துகொண்டே மொழியாய்வு செய்தவர் வோர்ஃப். அமெரிக்காவின் அரிசோனா பகுதியில் வாழும் ஹோப்பி மக்களின் மொழியை ஆராய்ந்த அவர், நாம் 'காலம்' என்று சொல்வதை நேரடியாகக் குறிக்கும் சொல்லோ இலக்கண வடிவமோ அம்மொழியில் இல்லை என்று எழுதினார். அவர் 1941 ஆம் ஆண்டில் மறைந்தார். அதன் பின்னரும் இக்கருத்து பரவலாகப் பேசப்பட்டது.

1983 ஆம் ஆண்டில் எக்கேஹார்ட் மலோட்கி என்னும் மொழியியலாளர் ஹோப்பி மொழியில் காலம் குறித்து 600 பக்கங்களுக்கும் மேற்பட்ட நூல் ஒன்றை வெளியிட்டார். நாள், மாதம், பருவம், முன், பின் முதலியவற்றைக் குறிக்கும் ஏராளமான ஹோப்பிச் சொற்களை அந்நூல் எடுத்துக்காட்டியது. வோர்ஃபின் கூற்று அந்த வடிவில் நிற்காது என்பது தெளிவாயிற்று. ஆயினும் மொழிக்கும் சிந்தனைக்கும் உள்ள உறவு என்ன என்ற அடிப்படைக் கேள்வி முடிந்துவிடவில்லை. அக்கேள்வியைச் சோதித்துப் பார்க்கும் நோக்கத்துடன் தோன்றியதே லோஜ்பானின் தாய்மொழியான லொக்லான்.

லொக்லான்

ஜேம்ஸ் குக் பிரவுன் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் 1955 ஆம் ஆண்டில் லொக்லானை உருவாக்கத் தொடங்கினார். இயற்கை மொழிகளிலிருந்து பெரிதும் வேறுபட்ட ஒரு மொழியை மக்கள் கற்றுக்கொண்டால் அவர்களுடைய சிந்தனையில் மாற்றம் ஏற்படுகிறதா என்று அளந்து பார்க்கலாம் என்பது அவருடைய எண்ணம். 1960 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் அவர் எழுதிய கட்டுரை லொக்லானைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது.

லொக்லானிலேயே காலச் சொற்களும் இடச் சொற்களும் கட்டாயமற்றவையாக இருந்தன. இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் ஆகியவற்றுக்கு முறையே 'பா', 'நா', 'ஃபா' என்னும் சொற்கள் அமைந்தன. இடத்திற்கு 'வி', 'வா', 'வு' என்னும் மூன்று சொற்கள் இருந்தன. இவை முறையே அண்மை, இடைத் தொலைவு, சேய்மை ஆகியவற்றைக் குறித்தன.

லோஜ்பானின் தோற்றம்

லொக்லானின் சொற்கள் மீது பிரவுன் பதிப்புரிமை கோரியதால் அவருக்கும் ஆர்வலர்களில் ஒரு பிரிவினருக்கும் கருத்து வேறுபாடு ஏற்பட்டது. ராபர்ட் லெசெவாலியர் முதலியோர் 1987 ஆம் ஆண்டில் தனிக் குழுவாகச் செயல்படத் தொடங்கினர். இலக்கணத்தின் அடிப்படையை வைத்துக்கொண்டு சொற்கள் அனைத்தையும் புதிதாக உருவாக்கினர். சீனம், ஆங்கிலம், இந்தி, எசுப்பானியம், உருசியம், அரபு ஆகிய ஆறு மொழிகளின் சொற்களை, அவற்றைப் பேசுவோர் தொகைக்கேற்ப எடையிட்டு, கணினியின் துணையுடன் வேர்ச்சொற்கள் அமைக்கப்பட்டன. 1,300க்கும் மேற்பட்ட வேர்ச்சொற்கள் இவ்வாறு உருவாயின. 'அளவையியல்', 'மொழி' என்னும் பொருளுடைய இரு வேர்ச்சொற்களின் சுருக்கமே லோஜ்பான் என்னும் பெயர்.

'லொக்லான்' என்னும் பெயரை யார் பயன்படுத்தலாம் என்பது குறித்து வழக்கும் நடந்தது. அது ஒரு மொழியின் பொதுப்பெயரே, வணிகச் சின்னம் ஆகாது என்று 1992 ஆம் ஆண்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. 1997 ஆம் ஆண்டில் ஜான் கோவன் எழுதிய முழுமையான இலக்கண நூல் வெளிவந்தது. அந்நூலின் 10 ஆம் இயல் காலத்தையும் இடத்தையும் பற்றியது. 'கற்பனைப் பயணங்கள்' என்னும் பொருள்படும் தலைப்பு அதற்கு இடப்பட்டுள்ளது.

ஒலிப்பு பற்றிய குறிப்பு

இக்கட்டுரையில் லோஜ்பான் சொற்கள் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. 'ஃஜ' என்பது தேனீயின் ரீங்காரம் போன்ற ஒலியைக் குறிக்கும். எதிர்காலத்தைக் குறிக்கும் 'பா' என்னும் சொல்லிலுள்ள பகரத்தைத் 'தம்பி' என்னும் சொல்லில் வருவதுபோல் ஒலிக்க வேண்டும். இறந்தகாலத்தைக் குறிக்கும் 'பு' என்னும் சொல்லிலுள்ள பகரத்தைப் 'புல்' என்பதில் வருவதுபோல் ஒலிக்க வேண்டும். லோஜ்பானில் குறில், நெடில் வேறுபாடு இல்லை.

காலம் காட்டுவது கட்டாயமன்று

தமிழில் 'வந்தான்', 'வருகிறான்', 'வருவான்' என்று வினைமுற்று காலம் காட்டும். ஆங்கிலத்திலும் வினை காலம் காட்டியே ஆகவேண்டும். சீன மொழியில் வினைச்சொல் காலத்திற்கேற்ப மாறுவதில்லை. லோஜ்பான் இதில் சீனத்தை ஒத்தது.

'மி ஷிட்கா' என்பது 'நான்', 'உண்' என்னும் இரு சொற்களால் ஆன முழு வாக்கியம். உண்டேன், உண்கிறேன், உண்பேன் என்னும் மூன்றில் எதுவாகவும் சூழலுக்கேற்ப இதைக் கொள்ளலாம். காலத்தைச் சொல்ல விரும்பினால் பின்வரும் இடைச்சொற்களில் ஒன்றைச் சேர்க்கலாம்.

- பு: முன்பு (இறந்தகாலம்)
- ஷா: அப்போதே (நிகழ்காலம்)
- பா: பின்பு (எதிர்காலம்)

இவை முறையே 'புர்ஷி', 'ஷாப்னா', 'பால்வி' என்னும் வேர்ச்சொற்களின் முதலெழுத்துகளிலிருந்து பிறந்தவை. இங்கு ஒரு நுட்பம் உண்டு. 'மி பு ஷிட்கா' என்றால் 'நான் முன்பு உண்டேன்' என்பது மட்டுமே பொருள். இப்போது உண்ணவில்லை என்று அது சொல்வதில்லை. சொல்லப்பட்ட காலத்தைத் தவிர மற்றக் காலங்களைப் பற்றி வாக்கியம் எதுவும் கூறுவதில்லை.

திசையும் தொலைவும்

பு, ஷா, பா என்பவற்றை லோஜ்பான் இலக்கணம் திசைகளாகக் கருதுகிறது. பேசும் கணத்தில் நின்று பின்னோக்கிப் பார்ப்பது 'பு', முன்னோக்கிப் பார்ப்பது 'பா'. எவ்வளவு தொலைவு பார்க்கிறோம் என்பதைச் சொல்ல வேறு மூன்று சொற்கள் உள்ளன.

- ஃஜி: சிறிது நேரம் தள்ளி
- ஃஜா: ஓரளவு நேரம் தள்ளி
- ஃஜு: நெடுநேரம் தள்ளி

எனவே 'மி பு ஃஜி ஷிட்கா' என்றால் 'சற்றுமுன் உண்டேன்' என்று பொருள். 'மி பு ஃஜு ஷிட்கா' என்றால் 'வெகுகாலத்திற்கு முன் உண்டேன்' என்று பொருள்.

இடத்திற்கும் இதே அமைப்புத்தான். வி, வா, வு என்பவை இடத் தொலைவைக் குறிக்கும். திசைகளுக்கு ஷாஹு (முன்னால்), டிஹா (பின்னால்), ஃஜுஹா (இடப்பக்கம்), ரிஹு (வலப்பக்கம்), காஹு (மேலே), நிஹா (கீழே) முதலிய சொற்கள் உள்ளன. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு ஆகியவற்றுக்கும் தனிச் சொற்கள் உண்டு. இவையும் காலச்சொற்கள் நிற்கும் இடத்திலேயே, அதாவது வினைக்கு முன்னால், நிற்கும். இயற்கை மொழிகள் பலவற்றில் காலம் வினையின் விகுதியிலும் இடம் தனிச் சொல்லிலும் வெளிப்படும். லோஜ்பானில் இரண்டும் ஒரே தகுதி உடையவை.

'சிறிது', 'ஓரளவு', 'நெடிது' என்பவற்றுக்கு நிலையான அளவு கிடையாது. அவை பேசுபவரையும் பேசும் பொருளையும் பொறுத்தவை. பாறைகளின் வயதை ஆராய்பவருக்குப் பத்தாயிரம் ஆண்டுகள் 'ஃஜி' ஆகலாம். ஓட்டப்பந்தய வீரருக்கு அரை நொடியே 'ஃஜு' ஆகலாம். வாக்கியத்தை ஒரே விதமாகப் பகுக்க முடியும் என்பது லோஜ்பானின் உறுதிமொழி. சொற்பொருள் எப்போதும் துல்லியமாக இருக்கும் என்பது அதன் உறுதிமொழி அன்று. லோஜ்பானை முதன்முதலாக அறிபவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது உண்டு.

கற்பனைப் பயணம்

ஒன்றுக்கு மேற்பட்ட திசைச் சொற்கள் வந்தால் அவற்றை ஒரு பயணத்தின் படிகளாகக் கொள்ள வேண்டும். பேசுபவர் தாம் நிற்கும் இடத்திலிருந்து, தாம் பேசும் கணத்திலிருந்து, மனத்தால் புறப்படுகிறார். ஒவ்வொரு சொல்லும் அவரை ஒரு படி நகர்த்துகிறது. கடைசியில் சேரும் இடத்தில்தான் நிகழ்ச்சி நடக்கிறது.

எடுத்துக்காட்டாக, 'லோ ஷிப்னி ஷு ஃஜுஹா வி காஹு வு ஸாங்கா' என்னும் வாக்கியத்தை நோக்கலாம். 'ஷிப்னி' என்றால் பறவை, 'ஸாங்கா' என்றால் பாடுதல். இடப்பக்கம் சற்று நகர்ந்து, அங்கிருந்து மேலே வெகு உயரம் சென்றால், அங்கே பறவை பாடுகிறது என்பது இதன் பொருள்.

காலத்திலும் இவ்வாறு பயணம் செய்யலாம். 'பு பா' என்றால் முதலில் இறந்தகாலத்திற்குச் சென்று, அங்கிருந்து எதிர்காலத்தை நோக்க வேண்டும். 'அவர் அப்போது புறப்பட இருந்தார்' போன்ற கருத்தை இது தரும். 'பா பு' என்று மாற்றினால் முதலில் எதிர்காலத்திற்குச் சென்று அங்கிருந்து பின்னோக்க வேண்டும். 'நாளை நீங்கள் வரும்போது அவர் புறப்பட்டிருப்பார்' போன்ற கருத்து அப்போது கிடைக்கும். இதனால் படிகளின் வரிசை முக்கியமாகிறது. காலமும் இடமும் சேர்ந்து வரும்போது இரண்டில் எதுவும் முன்னால் நிற்கலாம்.

இடைவெளியின் அளவு

நிகழ்ச்சி எவ்வளவு தள்ளி நடந்தது என்பது ஒன்று. அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பது வேறொன்று. பின்னதற்கு லோஜ்பான் தனிச் சொற்களை வைத்துள்ளது.

- ஃஜெஹி: சிறிது நேரம் நீடித்து
- ஃஜெஹா: ஓரளவு நேரம் நீடித்து
- ஃஜெஹு: நெடுநேரம் நீடித்து
- ஃஜெஹெ: காலம் முழுவதும்

'மி பு ஃஜு டாட்னி' என்றால் 'நெடுங்காலத்திற்கு முன் படித்தேன்' என்று பொருள். 'மி பு ஃஜெஹு டாட்னி' என்றால் 'முன்பு நெடுங்காலம் படித்தேன்' என்று பொருள். முதல் வாக்கியம் தொலைவைச் சொல்கிறது, இரண்டாவது நீளத்தைச் சொல்கிறது. முதல் வாக்கியத்தைச் சொன்னவர் ஒரே நாள்தான் படித்திருக்கலாம். இரண்டாவதைச் சொன்னவர் சென்ற வாரம்வரை படித்திருக்கலாம்.

இடத்திற்கும் வெஹி, வெஹா, வெஹு என்னும் இணையான சொற்கள் உள்ளன. இவற்றுடன் பரிமாணத்தையும் சேர்க்கலாம். 'விஹி' என்றால் கோடு, 'விஹா' என்றால் பரப்பு, 'விஹு' என்றால் கன அளவு. குழந்தைகள் பெரிய திடல் முழுவதும் விளையாடுகிறார்கள் என்பதற்கு 'வெஹு விஹா' பொருந்தும்.

அலகுகள்

துல்லியமான அளவைச் சொல்ல அலகுப் பெயர்கள் தேவை. லோஜ்பானில் ஒவ்வோர் அலகும் ஒரு வினைபோல நடந்துகொள்ளும். 'மிட்ரே' என்பதன் பொருள் 'மீட்டர்' என்னும் பெயர் மட்டுமன்று. 'இன்னது இத்தனை மீட்டர் நீளமுடையது' என்னும் முழு உறவு அச்சொல்லில் அடங்கியுள்ளது.

- ஸ்னிடு: நொடி
- மென்டு: நிமிடம்
- ஷஷ்ரா: மணி நேரம்
- ஜெடி: முழு நாள்
- ஜெஃப்டு: வாரம்
- மாஸ்டி: மாதம்
- நான்ஷா: ஆண்டு

'ஜெடி' என்னும் சொல்லுக்கு மூன்று இடங்கள் உண்டு. முதலிடம் நீடிக்கும் நிகழ்வு, இரண்டாமிடம் நாள்களின் எண்ணிக்கை, மூன்றாமிடம் எந்த அளவுகோலின்படி என்பது. எண்ணிக்கையைச் சொல்லாவிட்டால் ஒரு நாள் என்று கொள்ளப்படும். அளவுகோலுக்கு இடம் விட்டிருப்பதால் பூமியின் நாளையும் செவ்வாயின் நாளையும் ஒரே சொல்லால் குறிக்க முடியும்.

'சாலை ஐந்து கிலோமீட்டர் நீளமுடையது' என்பதை 'லோ டார்கு ஷு கிஹோட்ரே லி மு' என்று சொல்லலாம். இதில் 'மு' என்பது ஐந்து, 'லி' என்பது அடுத்து எண் வருகிறது என்பதைக் காட்டும் சொல்.

மெட்ரிக் முறையைச் சேராத வட்டார அளவைகளுக்கும் இரு வேர்ச்சொற்கள் உள்ளன. நீண்ட தொலைவுக்கு 'மின்லி', குறுந்தொலைவுக்கு 'குட்ஷி'. இவற்றிலும் அளவுகோலுக்கான இடம் உண்டு. மைல் மட்டுமன்றி நம்முடைய காதத்தையும் 'மின்லி' என்னும் சொல்லுக்குள் அடக்கலாம். முழம் 'குட்ஷி' ஆகும்.

'மூன்று நாள்' சிக்கல்

இவ்வளவு சொற்கள் இருந்தும், 'மூன்று நாள் கழித்துப் புறப்படுவேன்' என்னும் எளிய வாக்கியம் லோஜ்பான் கற்போருக்கு நீண்டகாலம் சிக்கலாக இருந்தது.

'லோ ஜெடி பே லி ஷி' என்றால் 'மூன்று நாள் நீடிக்கும் ஒன்று' என்று பொருள். 'ஷி' என்பது மூன்று. இதன்முன் 'பா' சேர்த்தால் போதும் என்று தோன்றும். ஆனால் அது தவறு. 'பா' என்பதை அடுத்து ஒரு பெயர் வந்தால், 'அந்த நிகழ்ச்சிக்குப் பின்' என்பதே பொருள். அதாவது பின்னால் வரும் பெயர் புறப்படும் இடத்தைக் குறிக்கும், அளவைக் குறிக்காது. ஆகவே அந்த வாக்கியம் 'மூன்று நாள் நீடித்த ஏதோ ஒன்றுக்குப் பிறகு புறப்படுவேன்' என்று பொருள்படும். திருவிழா மூன்று நாள் நடந்து, அது முடிந்து பல மாதங்கள் கழித்துப் புறப்பட்டாலும் அந்த வாக்கியம் மெய்யே.

அப்படியானால் தொலைவுச் சொல்லான 'ஃஜா' என்பதைச் சேர்த்து 'பா ஃஜா லோ ஜெடி பே லி ஷி' என்று சொல்லலாமா? இங்குதான் இரு கருத்துகள் எழுந்தன. மற்ற இடைச்சொற்களைப் போலவே 'ஃஜா' என்பதன் பின்வரும் பெயரும் புறப்படும் இடத்தையே குறிக்க வேண்டும் என்பது ஒரு கருத்து. ஒழுங்கு கெடாமல் இருப்பது இதன் சிறப்பு. தொலைவுச் சொல்லின் பின்வரும் பெயர் தொலைவின் அளவைக் குறிக்க வேண்டும் என்பது மற்றொரு கருத்து. அன்றாடப் பேச்சுக்கு மிகவும் வேண்டிய ஒரு வாக்கியம் எளிதில் கிடைப்பது இதன் சிறப்பு.

நீளத்தைக் குறிக்கும் 'ஃஜெஹா' என்னும் சொல்லில் பின்வரும் பெயரை அளவாகக் கொள்ளும் வழக்கம் வேரூன்றியது. 'ஃஜெஹா லோ ஜெடி பே லி ஷி' என்றால் 'மூன்று நாள் அளவு' என்று பயனர்கள் புரிந்துகொண்டனர். இதைப் பின்பற்றி 'ஃஜா' என்னும் சொல்லையும் அவ்வாறே பயன்படுத்துவோர் பெருகினர். 2000களின் தொடக்கத்தில் இடைச்சொற்களுக்குத் துல்லியமான வரையறை எழுத ஒரு மொழித் திட்டக் குழுவும் அமைக்கப்பட்டது.

இடைச்சொல்லே வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழியும் உண்டு. 'டெம்ஷி' என்னும் வேர்ச்சொல் 'இன்ன நிகழ்ச்சியிலிருந்து இன்ன நிகழ்ச்சிவரை உள்ள கால இடைவெளி' என்று பொருள்படும். அந்த இடைவெளி மூன்று நாள் என்று தனி வாக்கியமாகச் சொல்லிவிடலாம். வாக்கியம் நீளும், ஆனால் ஐயத்திற்கு இடமிராது.

தமிழுடன் ஒரு ஒப்பீடு

இந்தச் சிக்கல் செயற்கை மொழிக்கு மட்டும் உரியதன்று. தமிழில் 'மூன்று நாளில் வருகிறேன்' என்றால் மூன்று நாள் முடிவதற்குள் என்றும் கொள்ளலாம், மூன்றாம் நாள் முடிவில் என்றும் கொள்ளலாம். 'மூன்று நாளாக', 'மூன்று நாளைக்கு', 'மூன்று நாள் கழித்து' என உருபுகளாலும் துணைச் சொற்களாலும் நாம் வேறுபாடு காட்டுகிறோம். தாய்மொழியில் பழக்கத்தால் கைவரும் இவ்வேறுபாடுகளை, புதிய மொழியை அமைப்பவர்கள் ஒவ்வொன்றாகச் சிந்தித்து முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

தமிழ் மாணவர்களுக்கு எளிதாக நினைவில் நிற்கும் ஓர் ஒற்றுமையும் உண்டு. தமிழின் சுட்டெழுத்துகள் இ, அ, உ என மூன்று. 'இவன்' அருகிலிருப்பவன், 'அவன்' தொலைவிலிருப்பவன், 'உவன்' இடைப்பட்டவன். உகரச் சுட்டு இலங்கைத் தமிழ்ப் பேச்சில் இன்றும் வழங்குகிறது. லோஜ்பானிலும் வி, வா, வு என்றும், சுட்டுப் பெயர்களில் டி, டா, டு என்றும் இதே மூன்று உயிரொலிகள் வருகின்றன. ஆனால் அங்கு இகரம் அண்மையையும், அகரம் இடைத் தொலைவையும், உகரம் சேய்மையையும் குறிக்கும். அகரமும் உகரமும் இடம் மாறியுள்ளதைக் கவனிக்க வேண்டும். லோஜ்பானின் வேர்ச்சொற்களுக்கு அடிப்படையான ஆறு மொழிகளில் தமிழ் இல்லை. எனவே இது தற்செயலான ஒற்றுமை மட்டுமே.

இன்றைய நிலை

லோஜ்பானை இன்று உலகின் பல நாடுகளில் சிறு எண்ணிக்கையிலான ஆர்வலர்கள் கற்றும் எழுதியும் வருகின்றனர். பிரவுன் 2000 ஆம் ஆண்டில் மறைந்தார். மொழி சிந்தனையை மாற்றுமா என்று அளந்து பார்க்க அவர் விரும்பிய சோதனை பெரிய அளவில் நடைபெறவில்லை. அதற்குத் தேவையான, பிறந்தது முதல் இம்மொழியைப் பேசும் சமூகம் உருவாகாததே முதன்மைக் காரணம்.

ஆயினும் காலம், இடம் பற்றிய இந்த அமைப்பு ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. 'எப்போது' என்னும் ஒரே வினாவுக்குள் திசை, தொலைவு, நீளம், புறப்படும் இடம் என்னும் நான்கு செய்திகள் கலந்துள்ளன. இயற்கை மொழிகள் அவற்றை ஒரே சொல்லில் கலந்து தருகின்றன. லோஜ்பான் அவற்றைத் தனித்தனியே பிரித்து வைத்தது. அவ்வாறு பிரித்த பிறகும், ஒரு சொல்லின் பின்வரும் பெயர் இடமா அளவா என்னும் கேள்விக்கு விடையளித்தது இலக்கண நூல் மட்டுமன்று, அம்மொழியைப் பயன்படுத்தியவர்களின் வழக்கமும்தான்.